ஹாஸ்கெல்லில் ஒரு சராசரி மனிதன்

ஏசி வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. கரண்ட் பில் தாங்காது என்பது என் கட்சி. "முதல்ல போன வருஷம் சராசரியா எவ்வளவு யூனிட் ஓடியிருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், வருஷத்துக்கு ஆறு. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் முடிந்தது. ஆனால் எனக்கு அந்த வாரம்தான் ஹாஸ்கெல் என்ற கணினி நிரல்மொழிமேல் பித்து பிடித்திருந்தது.

பதினோரு வருஷமாக ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில் சோறு தின்பவன் நான். 1990-இல் வந்த மொழிதானே, ஒரு வாரத்தில் மடக்கிவிடலாம் என்று ஒரு திமிர். அது முதல் நாளே இறங்கிவிட்டது. ஒவ்வொரு வரியாக அடித்து உடனுக்குடன் பதில் வாங்கும் ஹாஸ்கெல் திரையான ஜிஹெச்சிஐ-யைத் திறந்து 'லெட் எக்ஸ் = 5' என்று அடித்தேன். சரி என்றது. ஜாவாவில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்றால் 5 ஆறாகிவிடும்; அந்தப் பழக்க தோஷத்தில் 'லெட் எக்ஸ் = எக்ஸ் + 1' என்றேன். அதற்கும் மறுப்பில்லை. இப்போது எக்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். பதிலே இல்லை. லேப்டாப் விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரையத் தொடங்கியது. பழைய 5-ஐ அது சீந்தவே இல்லை; எக்ஸ் என்றால் எக்ஸைவிட ஒன்று கூடுதல் என்று நான் சொன்னதை அப்படியே நம்பி, அந்த எக்ஸைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நம்பிக்கையான ஆளிடம் யோசித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்தது கறியிங் என்ற உத்தி. கறி என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்கள் நாம், நம்மிடமேவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழம்புக்கும் இதற்கும் ஒட்டு உறவில்லை. ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளரின் முதல் பாதி மொழிக்கு, பின் பாதி இந்த உத்திக்கு. இதே யோசனையை 1924-லேயே எழுதி வெளியிட்ட ஷான்ஃபிங்கெல் பெயர் இதில் ஒட்டவில்லை, பாவம். விஷயம் இதுதான்: இரண்டு எண் கேட்கும் கூட்டலுக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால் ஜாவா திட்டும். ஹாஸ்கெல்லோ, மீதியைக் கேட்டுக் கைநீட்டி நிற்கும் ஒரு ஆளை நம்மிடம் அனுப்பிவைக்கும்.

ஹாஸ்கெல்லின் சோம்பேறித்தனம் மட்டும் உடனே புரிந்தது. கேட்கிறவரை எதையும் கணக்கிடாது. அன்டிஃபைண்ட் என்பது தொட்டாலே வெடிக்கும் மதிப்பு; ஆனால் '1, 2, அன்டிஃபைண்ட்' என்ற பட்டியலின் நீளம் கேட்டால் கூசாமல் 3 என்கிறது. எங்கள் வீட்டில் இது தினமும் நடப்பதுதான். "டப்பா மூணும் வந்துச்சாடா?" "மூணும் இருக்கும்மா." எண்ணிக்கை சரி. மூன்றாவதில் வெள்ளிக்கிழமை தயிர்சாதம் இருப்பது திங்கட்கிழமை மூடியைத் திறக்கும்போதுதான் வெடிக்கும்.

இத்தனை ஞானத்தோடு ஈபி கணக்குக்கு வந்தேன். 310, 290, 480, 520, 350, 300. கூட்டுத்தொகையான 'சம்' ஐ, பட்டியலின் நீளமான 'லென்த்' ஆல் வகு என்றேன். 'நோ இன்ஸ்டன்ஸ் ஃபார் ஃப்ராக்‌ஷனல் இன்ட்' என்று முகத்தில் அடித்தது. நீளம் என்பது முழு எண்ணாம், இந்த வகுத்தல் குறி முழு எண்ணைத் தொடாதாம். அடைப்புக்குறியை இங்கே போட்டேன், அங்கே போட்டேன். எண்களோடு '.0' சேர்த்துப் பார்த்தேன். திட்டு கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். முழு எண்களை வகுக்கும் 'டிவ்' போட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும் என்பது மறுநாள் ஆபீசில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைசியில் லென்த்துக்கு முன்னால், முழு எண்ணை வேறு வகை எண்ணாக மாற்றித்தரும் 'ஃப்ரம் இன்டெக்ரல்' என்று ஒரு சிபாரிசுக் கடிதம் வைத்த பிறகே உள்ளே விட்டது.

375.0.

ஹாலுக்கு ஓடினேன். "முந்நூத்தி எழுபத்தஞ்சு பாயின்ட் ஜீரோ!"

"பையன் அப்பவே போன்ல போட்டுப் பாத்துட்டான். ஏசி புதன்கிழமை வருது" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு திரும்பி, "அந்தப் பாயின்ட் ஜீரோவுக்கா மூணு மணி நேரம்?"

உண்மையில், அதற்குத்தான்.