இன்னும் கொஞ்ச நேரம்

"அப்ப மூணு தரம் செஞ்சதும் பிழையா, சேர்?"

கேட்டது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி. பிழைதான் என்று சொன்னேன். யோசிக்காமலே சொன்னேன். ஆய்வறிக்கை கொடுக்கப் பத்து நாள் இருந்தது.

விஷயம் ஈ-கேடெரின். நுரையீரலின் மேலணிக் கலங்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கும் புரதம். ஏ549 என்ற நுரையீரல் புற்றுக் கலங்களுக்கு மில்லிலீற்றருக்கு 5 நனோகிராம் டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து 48 மணித்தியாலம் விட்டால், பாய் பின்னினாற்போல நெருங்கிக் கிடந்தவை நீண்டு மெலிந்து தனித்தனியாகப் பிரியும். ஈ-கேடெரின் குறையும், பிரிந்து நகரும் கலங்களுக்குரிய விமென்டின் என்ற இழைப்புரதம் கூடும். இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் புரதங்களை எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில், பிள்ளையின் படத்தில் ஈ-கேடெரினுக்குரிய 120 கிலோடால்டன் பட்டை குறையவில்லை, காணாமலே போயிருந்தது. அவ்வளவு அழகான படத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

குறிப்புப் புத்தகத்தில் காரணம் இருந்தது. "கட்டுப்பாடு 4 நிமிடம், டிஜிஎஃப் 9 நிமிடம்." கட்டுப்பாடு என்றால் டிஜிஎஃப் போடாத தட்டு. புரதத்தை வெட்டும் திரிப்சின் நொதியும் கல்சியத்தைப் பிடிக்கும் ஈடிடிஏயும் கலந்த 0.25 சதவீத திரிப்சின்-ஈடிடிஏயில் கலங்கள் தட்டிலிருந்து கழர எடுத்த நேரம் அது.

கேடெரினுக்குக் கவசம் கல்சியம். கல்சியம் கூட இருக்கும்வரை திரிப்சின் அதை எளிதில் வெட்டாது. ஈடிடிஏ கல்சியத்தைப் பிடித்துக்கொண்டதும், கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி துண்டாகிவிடும். 1970களில் ஜப்பானிய உயிரியலாளர் டகெய்ச்சி கேடெரினை நோக்கிப் போனதே இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான். ஆகவே ஒரு மாதிரி 4 நிமிடமும் மற்றது 9 நிமிடமும் திரிப்சினில் ஊறியிருந்தால், பட்டையைக் கரைத்தது டிஜிஎஃப்பா திரிப்சினா என்று சொல்ல வழியில்லை. புளொட்டுக்குத் திரிப்சினே தேவையில்லை. தட்டை ஐஸில் வைத்து, கல்சியமுள்ள குளிர்ந்த உப்புக் கரைசலால் இருமுறை கழுவி, ஈரத்தை நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டு, கலமுடைப்புக் கரைசலை நேரே ஊற்றிச் சுரண்டி எடுக்க வேண்டும். அவள் கலங்களைக் கழற்றி, எண்ணி, அதன் பிறகு உடைத்திருக்கிறாள். எண்ணினால்தான் இரண்டு மாதிரியும் சமமாகும் என்று நினைத்திருக்கிறாள். புரத அளவைக் கொண்டே சமப்படுத்தலாம் என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சுரண்டி எடுத்துத் திரும்பச் செய்தோம். பட்டை குறைந்திருந்தது, மறையவில்லை. ஆக நான் சொன்னது சரி. அவள் கண்டதும் முழுப்பொய் இல்லை. இதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் அந்த 9 நிமிடம் எப்படி 9 ஆனது? முதல் தரம் செய்த அன்று அவள் வந்து சொன்னாள்: "டிஜிஎஃப் போட்டதெல்லாம் தட்ட விட்டு வரமாட்டேங்குது, சேர்." நான் கணினியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் வைங்க" என்றேன். கலம் வளர்ப்பவர் எவரும் சொல்லும் பதில்தான். தட்டு மாற்றும்போது அது சரியும்கூட. எதற்காகக் கழற்றுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதைவிட இன்னொன்றுதான் இப்போது உறுத்துகிறது. அவள் சொன்னது முறைப்பாடு இல்லை, அவதானம். பக்கத்துக் கலத்தை விட்ட கலம், தரையை இறுக்கிப் பிடிக்கிறது. டிஜிஎஃப் பட்ட கலம், கலத்துக்கு வெளியே நாராகப் படியும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைச் சுரக்கும், அதைப் பற்றும் மேற்பரப்புப் புரதங்களான இன்டெகிரின்களையும் கூட்டும். கருவில் உறுப்புகள் கிளை விடுவதிலும் இதே போன்ற மாற்றம் உண்டு. பிளவு விழும் இடத்தில் ஃபைப்ரோனெக்டின் குவியும், அங்கே கேடெரின் பின்வாங்கும். 2003இல் கல உயிரியலாளர் யமடாவின் குழு இதை உமிழ்நீர்ச் சுரப்பியில் காட்டியது. நுரையீரல் கிளை விடவும் ஃபைப்ரோனெக்டின் வேண்டும் என்று கண்டது. கிளை விடுகையில் அளவோடு நடப்பது, தழும்பேறும் நுரையீரலில் நிற்கத் தெரியாமல் நடக்கிறது. அங்கே ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெகிரின், உறைக்குள் செயலற்றுக் கிடக்கும் டிஜிஎஃப்பைப் பிடித்து இழுத்து அவிழ்க்கிறது. நார் கூடக் கூட இழையம் விறைக்கிறது. விறைத்த இழையம் நெகிழ்ந்து கொடுக்காது, அதனால் இழுவைக்கு இன்னும் பலம். சரி, அந்த இன்டெகிரினை நீக்கிவிட்டால்? நீக்கிய எலிகளுக்கு, நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் பிளியோமைசின் மருந்தைக் கொடுத்தாலும் தழும்பு அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் வயதாக ஆக அவற்றின் சிற்றறைகள் சிதைந்து விரிந்தன. ஒட்டுவது வெறும் பசை வேலை இல்லை என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்பவன் நான். கலம் ஒட்டிக்கொண்டு நிற்பதை ஒரு பிள்ளை வந்து சொன்னபோது அதைத் தொந்தரவாகத்தான் கேட்டேன்.

இதையும் பெரிதாக்குகிறேனோ தெரியாது. கண்டியில் டிசம்பர் காலையில் பெஞ்சில் கிடந்த திரிப்சின் இரண்டாம் தட்டுக்கு வரும்போது ஆறிப்போயிருக்கலாம். கழுவியது போதாமல் வளர்ப்புத் திரவத்தின் சீரம் மிஞ்சியிருந்தால் அதுவே திரிப்சினை அடக்கிவிடும். 9 நிமிடத்துக்கு அதுவும் போதும். ஒரே வெப்பநிலையில், ஒரே அடர்த்தியில், நிமிடத்துக்கு நிமிடம் கழர்ந்ததை எண்ணினால் தெரிந்திருக்கும். அதற்கு இரண்டு கிழமை வேண்டும், எங்களிடம் பத்து நாள்.

புதிய படத்தோடு அறிக்கை போனது. நிமிடக் கணக்கை வெட்டச் சொன்னதும் நான்தான். பரீட்சகர் கேட்டால் பதில் சொல்ல முடியாது என்றேன். அவள் சரி சேர் என்று அந்த வரியை அழித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.