பென்டிரைவில போட வேண்டிய படங்கள்

யூலை 18, 2025

பட்டியலைத் திரும்ப எழுத வேண்டியிருக்கு. முந்தி இருந்தது எது நல்ல படம் எண்டு சொல்லுற பட்டியல். இப்ப வேணுமானது வேற. பார்க்கப் போற பிள்ளைக்கு ஏழு வயசு. சப்டைட்டிலை எழுத்துக்கூட்டி முடிக்க முதல் அடுத்த வரி வந்திடும். இங்கிலீஷ் அரைவாசி விளங்கும். இரவு எட்டரைக்குள்ள படம் முடிய வேணும். தாய் சாகக் கூடாது.

கடைசி நிபந்தனையோட அரைவாசிப் பட்டியல் போச்சு.

பம்பி (1942), போச்சு. வெடிச்சத்தம் மட்டும்தான் கேக்கும், தாயின்ர உடம்பைக் காட்ட மாட்டினம், எண்டாலும் அதுக்குப் பிறகு பனிக்குள்ள குட்டி கூப்பிட்டுத் திரியும். ரைரஸ் வோங் கீறின காடு அது, அந்தப் பின்னணிகளுக்காகவே முதல் பத்துக்குள்ள வச்சிருந்த படம். லயன் கிங் (1994), தகப்பன்தான் போறார், ஆனா செத்த காலைத் தூக்கி அதுக்குக் கீழ புகுந்து படுக்கிற இடம் இருக்கு. அப் (2009), தொடக்கத்திலயே ஆசுப்பத்திரிக் கட்டில். ஸ்னோ வைட், சின்ட்ரெல்லா, லிட்டில் மெர்மெய்ட், மூண்டிலயும் கதை தொடங்க முதலே தாய் இல்லை. டம்போவில தாய் உயிரோட இருக்கு, ஆனா கம்பிக்குள்ளால தும்பிக்கையை நீட்டித்தான் தாலாட்டுது. வெறும் 64 நிமிடப் படம், அந்த ஒரு பாட்டால போடேலாமக் கிடக்கு.

டிஸ்னிக்காரருக்குத் தாயை வீட்டில வச்சுக்கொண்டு கதை நடத்தத் தெரியாது போல.

யூலை 19

மஹரகம ஆசுப்பத்திரியில இருந்து அக்காவின்ர போன் இல்லை.

யூலை 20

நீமோவை (2003) மீட்கலாம். தாய் மீனும் முட்டையளும் போற துண்டு முழுக்கத் தலைப்பு வர முதல். தலைப்பு மறைஞ்சு, முதல் நாள் பள்ளிக்கூடம் எண்டு நீமோ துள்ளி எழும்புற இடத்தில தொடங்கினாக் கதையில ஒரு ஓட்டையும் விழாது. தகப்பன் ஏன் இப்பிடிப் பயந்து சாகிறார் எண்டு சின்னனுகள் கேக்காதுகள். பெரியாக்களின்ர பயத்துக்குக் காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளையள் இல்லை இஞ்ச.

வெட்டேக்க கவனிக்க வேண்டியது கீ ஃப்ரேம், அதாவது கோப்புக்குள்ள முழுப்படமாச் சேமிச்சிருக்கிற இடம். திரும்ப என்கோட் செய்யாமல் வெட்டுறதெண்டா கீ ஃப்ரேமிலதான் வெட்டலாம். நடுவில வெட்டினா முதல் சில விநாடி சத்தம் மட்டும் ஓடும், படம் உறைஞ்சு நிக்கும், இல்லாட்டிச் சதுரம் சதுரமா உடையும். வேணுமான இடத்துக்கு முன்னால இருக்கிற கீ ஃப்ரேமைப் பிடிச்சா தலைப்பின்ர வால் கொஞ்சம் தெரியும். பரவாயில்லை.

வெட்டின நீமோ ஐந்தாவது இடம். வெட்டாத நீமோவுக்கு இந்தப் பட்டியலில இடமில்லை.

யூலை 22

கையால கீறின படங்களைப் புது ரீவியில பார்க்கேக்க கை காலெல்லாம் இழுபட்டு, ஓரத்தில ஒரு கலங்கல் தெரியுறதுக்குக் காரணம் படம் இல்லை. ரீவி தன்ர பாட்டில இடைப்படங்களைச் செய்து செருகுது.

படம் ஓடுறது விநாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). கையால கீறுற ஆக்கள் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு சட்டத்துக்குப் பிடிப்பினம், ஆக விநாடிக்கு 12 சித்திரம். கண் அதை அப்பிடியே ஏற்கும். ரீவிதான் ஏற்காது. ஒரு சித்திரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில எங்க கை இருந்திருக்கும் எண்டு தானே கணக்குப் போட்டு நிரப்பும். சாம்சங்கில ஓட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில ட்ரூமோஷன், சொனியில மோஷன்ஃப்ளோ. பேர் எதுவா இருந்தாலும் ஓஃப் பண்ண வேணும். பிக்சர் மோட்டை மாத்தினாத் திரும்ப ஓன் ஆகியிருக்கும், பார்க்க வேணும். யூஎஸ்பியில ஓடுறதுக்கு ஒருக்கா, டிவிடி பிளேயருக்கு ஒருக்கா எண்டு தனித்தனியா ஓஃப் பண்ண வேண்டிய ரீவியளும் இருக்கு.

இதால கூட நட்டப்படுற படம் ஸ்பைடர்-வேர்ஸ் (2018). காட்டுக்குள்ள இரண்டு பேர் ஒண்டாத் தாவுற இடத்தில பழகின பீட்டர் விநாடிக்கு 24, பழகாத பெடியன் மைல்ஸ் 12. பெடியன் தடுமாறுறது தெரியுறதே அந்த வித்தியாசத்தாலதான். ரீவி இரண்டு பேரையும் ஒரே மாதிரி வழுக்க விட்டிட்டா அந்தக் காட்சியில ஒண்டும் மிஞ்சாது. ஏழாவது இடம், 117 நிமிடம் எண்டதால சனிக்கிழமையில மட்டும்.

யூலை 24

ஆடி அமாவாசை. சந்தையில காத்தோட்டிக்காய் வந்திட்டுது. கீரிமலைக்குப் போற பஸ்ஸுகள் விடியவே நிறைஞ்சு போகுது.

கோகோ (2017) எல்லாக் காலத்துக்குமான பட்டியலில முதல் நாலுக்குள்ள நிக்கும். படம் வச்சு, பூ வச்சு, விளக்குக் கொளுத்தி, செத்தவைக்குப் பிடிச்ச சாப்பாடு படைக்கிற மெக்சிக்கோ வீட்டைத் திவசம் செய்யிற வீட்டுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. படம் வைக்க ஆளில்லாதவர் செவ்வந்திப் பூப் பாலத்தைக் கடக்கேலாது. நினைக்க ஆளில்லாதவர் செத்தவையின்ர உலகத்திலயும் இல்லாமல் போயிடுவார். சட்டங்கள் அவ்வளவுதான், படம் தன்ர சட்டத்தைத் தானே ஒரு இடத்திலயும் மீறேல்லை.

இந்த மாதம் இல்லை.

யூலை 26

இரண்டாவது இடம்: ஷோன் த ஷீப் மூவி (2015). 85 நிமிடம், ஒரு சொல்லுக் கதை இல்லை. மனிசரும் முனகுறதுதான். சப்டைட்டில் பிரச்சினை இல்லை, தமிழ்க் குரல் தேடத் தேவையில்லை. பால் குடிக்கிற பிள்ளையும் அம்மம்மாவும் ஒரே இடத்தில சிரிப்பினம்.

இதில ஆசுப்பத்திரி வருது. தோட்டக்காரருக்குத் தலையில அடிபட்டு நினைவு போகும். தேடிப் போற நாய் ஒளிக்கிறதுக்காக ஒப்பரேஷன் உடுப்பைப் போட, எல்லாரும் அதை சத்திரசிகிச்சை டொக்டர் எண்டு நினைச்சுக் கத்தியைக் கையில குடுத்திடுவினம். ஆசுப்பத்திரி எண்டா நீளக் கொரிடோரும் கதைக்காத பெரியாக்களும் எண்டு இருக்கிற தலைக்குள்ள, முகமூடி போட்ட நாய் ஒண்டும் போய் இருக்கட்டும்.

ஷோனைச் செய்த ஆர்ட்மன்காரர் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் படமெடுக்கிறவை. ஒரு அனிமேட்டருக்கு ஒரு நாளில கிடைக்கிறது சில விநாடிதான். பழைய வாலஸ் அண்ட் குரோமிட் படங்களில களிமண்ணில விரல் அடையாளம் தெரியும். நிறுத்திக் காட்டினாப் பிள்ளையளுக்கு அது படத்தை விடப் பெரிய விளையாட்டு.

யூலை 27

இண்டைக்குக் கீழ்ப் பட்டியல். எரிச்சலோட எழுதுறதுக்கு ஏத்த நாள்.

ஆகக் கடைசி: எமோஜி மூவி (2017). அந்த ஆண்டின்ர மிக மோசமான படம் எண்டு ராஸி விருது குடுத்தவை, குடுத்தது சரி. போன் செயலியளுக்கான விளம்பரத்தை ஒண்டரை மணித்தியாலத்துக்கு இழுத்திருக்கு. ஒரு இடத்திலயும் ஒரு ஆள் சும்மா நிக்காது.

அதுக்கு மேல: போலார் எக்ஸ்பிரஸ் (2004). நடிகரின்ர அசைவைக் கருவியால பிடிச்சுக் கொம்பியூட்டர் உருவத்துக்குப் போட்டது. உடம்பு சரி, முகமும் ஓரளவு சரி, கண் மட்டும் செத்துக் கிடக்கு. கண்ணின்ர சின்ன அசைவு அப்ப பிடிபடேல்லை. இரவில காட்டக் கூடாத படம்.

அதுக்கு மேல: லயன் கிங் 2019. சூரியன் எழும்புற முதல் ஷொட்டைத் தவிர மிச்சம் முழுக்கக் கொம்பியூட்டர், ஆனா நிஜம் மாதிரித் தெரிய வேணும் எண்ட பிடிவாதம். 1994இல சித்திரக்காரர் சிங்கத்துக்குப் புருவம் கீறினவை. நிஜச் சிங்கத்துக்கு அப்பிடிப் புருவம் இல்லை. அதாலதான் புதுப் படத்தில தகப்பன் விழேக்கயும் பாட்டுப் பாடேக்கயும் ஒரே முகம். 88 நிமிடக் கதை 118 நிமிடமா வளர்ந்தும் போச்சு. தமிழில ஸ்காருக்கு அரவிந்த் சாமி குடுத்த குரலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேக்கலாம்.

கார்ஸ் 2 (2011): சின்னனுகளுக்கான படத்துக்குள்ள ஒரு உளவுக் காரைச் சித்திரவதை செய்து வெடிக்க வைக்கினம். ஆரும் அதைப் பெரிசாக் கதைக்கிறேல்லை, ஏனெண்டா அது கார்.

இயர்விக் அண்ட் த விட்ச் (2020): ஜப்பானின்ர கிப்லி ஸ்ரூடியோக்காரர் முழுக்கக் கொம்பியூட்டரில செய்த முதல் முழுநீளப் படம். தலைமயிர் பிளாஸ்ரிக். படம் முடியேல்லை, நிக்குது.

பிள்ளைக்கு அலுத்திடும் எண்ட பயத்தில செய்த படங்கள்தான் இஞ்ச கனக்க. பிள்ளை அலுத்துப்போய்க் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தா என்ன?

யூலை 29

நல்லூர்க் கொடி ஏறிட்டுது. கோயிலடி வீதியள் பூட்டு.

அக்கா வீட்ட வாறது வெள்ளிக்கிழமை எண்டது அடுத்த கிழமை எண்டாச்சு. சளிக்காய்ச்சல்தானாம்.

யூலை 31

முதலாம் இடம் மாறாது. டோட்டோரோ, 1988, 86 நிமிடம்.

இதை உந்த நிபந்தனையளுக்குள்ள அடக்கிப் பார்க்கத்தான் இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டது. தாய் சாகேல்லை. ஆனா படம் முழுக்க ஆசுப்பத்திரியில இருக்கிறா. என்ன வருத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லீனமில்லை. படத்தை எடுத்த மியாசாகியின்ர தாய் காசநோயில கனகாலம் படுத்திருந்தவ, அங்கயிருந்து வந்ததுதான் இது. வில்லன் இல்லை. காட்டுப் பூதம் டோட்டோரோவைச் சின்னப் பிள்ளை மே கண்டுபிடிக்கவே கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் போகும். அதுவரை வீடு கூட்டுறது, தண்ணி இறைக்கிறது, கரிப்பூச்சியளைத் துரத்துறது. பஸ் தரிப்பில மழைக்குள்ள நிக்கிற காட்சியில குடையில விழுற துளிச் சத்தத்தைத் தவிர நடக்கிறது கொஞ்சம். பார்க்கிற பிள்ளை அசையாது. அலுப்புக்குப் பயப்படாதவன் எடுத்த படம்.

பிரச்சினை கடைசி மூண்டிலொரு பங்கில. தந்தி வரும். சனிக்கிழமை வீட்ட வர இருந்த தாய் வரேல்லை, சளிக்காய்ச்சல்தான் எண்டு. மூத்தவள் சற்சுகி அதுவரைக்கும் சமைச்சு, தலை இழுத்து, சாப்பாடு கட்டிக் குடுத்து எல்லாம் தாங்கினவள், அந்த இடத்தில உடைஞ்சு, போன முறையும் இப்பிடித்தான் சொன்னவை, அம்மா செத்துப் போனா என்ன செய்யிறது எண்டு கிழவியிட்ட அழுவாள். அந்தச் சொல் வருது.

வெட்டலாமோ எண்டு பார்த்தா வெட்ட இடமில்லை. அந்த அழுகையைக் கேட்டுத்தான் மே சோளப்பொத்தியையும் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு நடக்கத் தொடங்குறாள். அழுகையை எடுத்தாச் சோளத்துக்கு அர்த்தமில்லை, சோளத்தை எடுத்தாப் பூனை பஸ்ஸுக்கு வேலையில்லை. நீமோ மாதிரி வால் நறுக்குற சாமான் இல்லை இது.

அதைவிட முக்கியம்: பெயர்கள் ஓடத் தொடங்கினவுடன நிப்பாட்டக் கூடாது. தாய் டக்ஸியில வந்து இறங்கிறது, பிள்ளையளோட படுத்துக்கொண்டு கதை வாசிக்கிறது எல்லாம் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில போற சித்திரங்களிலதான் இருக்கு. நெட்ஃபிளிக்ஸில பார்த்தா அடுத்த படத்துக்குத் தாவும், பெயர் ஓடுற சின்னப் பெட்டியை அமத்தித் திரும்பப் பெரிசாக்க வேணும். கோப்பாப் போட்டாப் பயமில்லை, ஆனா பெயர்களை வெட்டின கோப்புகளும் உலாவுது. 86 நிமிடம் இருக்கோ எண்டு முதலே பார்க்க வேணும்.

1988 ஏப்ரலில இதோட ஒரே டிக்கெட்டில காட்டினது கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ். குண்டில தாய், பசியில தங்கச்சி. அதுக்கு நான் இலக்கம் போடுறேல்லை. இஞ்சத்தைய பெரியாக்களுக்கு அது படமாத் தெரியாது.

ஓகஸ்ட் 1

அக்கா போனில: “உவளுக்கு என்ன படம் காட்டினனீ?” சொன்னன். கொஞ்சநேரம் சிரிச்சவ.

ஓகஸ்ட் 2

86 நிமிடம் எண்டு எழுதினதுக்கு ஒரு திருத்தம் தேவை. பழைய பால் (PAL) எண்ட ரீவி முறை டிவிடி எண்டா 82½ நிமிடம்தான் காட்டும். வெட்டினதில்லை. விநாடிக்கு 24 சட்டத்தை 25ஆ ஓட்டுறதால 4 வீதம் கெதியா முடியுது. குரலும் ஒரு சொட்டு மெல்லிசாகும்.

சப்டைட்டில் பிசகுறதும் இதாலதான். 24க்குச் செய்த வரியளை 25இல ஓடுற படத்துக்குப் போட்டா தொடக்கத்தில சரியா நிக்கும், ஒரு மணித்தியாலத்தில இரண்டு நிமிடத்துக்கு மேல பிந்தும். முழுசா முன்னால தள்ளுறதால சரிவராது, கடைசி பொருந்தினா முதல் பிழைக்கும். சப்டைட்டில் எடிட் எண்ட மென்பொருளில சட்ட வேகம் மாத்துற இடத்தில 23.976இல இருந்து 25 எண்டு குடுக்க வேணும். சேமிக்கேக்க யூரிஎஃப்-8 (UTF-8) எழுத்துமுறை, இல்லாட்டித் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. அதுக்குப் பிறகும் சில ரீவியில கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா நிக்கும். அதுக்கு ரீவியோட மல்லுக்கட்டாமல் ஹான்ட்பிரேக் எண்ட மென்பொருளில வரியைப் படத்தோட எரிச்சு விடுறதுதான் வழி.

ஓகஸ்ட் 4

படம் இல்லை. சோளகக் காத்து மட்டும்.

ஓகஸ்ட் 5

மூண்டாவது இடம் ஃப்ளோ (2024). லத்வியாக்காரன் சில்பலோடிஸ், பிளென்டர் எண்ட இலவச மென்பொருளில செய்து ஒஸ்கார் வரை கொண்டு போனது. 85 நிமிடம். பூனை, நாய், லெமூர், காப்பிபாரா, ஒரு நெட்டைப் பறவை, ஒரு வள்ளம். கதை பேச்சில்லை, மிருகங்களின்ர குரல்தான். காப்பிபாராவுக்கு ஒட்டகக் குட்டியின்ர குரல் போட்டவை.

யோசிக்க வேண்டியது தண்ணி. மட்டம் உயர்ந்து கொண்டே போகும், பூனை தாழும், எழும்பும். 2004 மார்கழி கடல் வந்த கதை கேட்டு வளருற பிள்ளைக்குப் பகலில, பக்கத்தில ஆள் இருந்து காட்டுறது நல்லம். இதிலயும் பெயர்கள் முடியும்வரை விட வேணும். கரையில கிடக்கிற திமிங்கிலத்தோட படம் முடிஞ்சது எண்டு எழும்பினா, பிறகு கடலில அது எழும்புறதைக் காணாமல் படுக்கப் போகவேண்டி வரும்.

ஓகஸ்ட் 7

நாலாவது: கிகி (1989). சூனியக்காரப் பெட்டை, பதின்மூண்டு வயசில வீட்டை விட்டுப் போறாள், ஆனா தாய் தகப்பன் உயிரோட, சுகமா. பாதிக்குப் பிறகு பறக்கேலாமல் போகும், பூனை ஜிஜியின்ர பேச்சும் விளங்காமல் போகும். பறப்பு திரும்ப வரும். ஜப்பான் மூலத்தில பூனையின்ர பேச்சு திரும்ப வராது. 1998 இங்கிலீஷ் டப்பிங்கில கடைசியில பூனைக்கு ஒரு வசனம் சேர்த்து எல்லாம் சரியாப் போச்சு எண்டு காட்டினவை, பிறகு 2010இல எடுத்துப்போட்டினம்.

எந்தக் குரலைப் போடுறது எண்டு முடிவில்லை. மூலம்தான் சரி. ஆனா உந்தக் கிழமைக்கு 1998.

ஓகஸ்ட் 8

இரவு பஸ்ஸில இரண்டு சீற். பென்டிரைவ் எஃப்ஏரி32 (FAT32) எண்ட பழைய கோப்பு முறையில இருக்கு, 4 ஜிபிக்கு மேல் கோப்புப் போகாது, ஃப்ளோவைச் சின்னனாக்க வேணும். அங்கத்தைய ரீவி பேர் வரிசையில அடுக்கும் எண்டதால முன்னுக்கு இலக்கம்: 01 ஷோன், 02 கிகி, 03 வெட்டின நீமோ. டோட்டோரோவைப் பென்டிரைவில போடேல்லை, லப்டொப்பில கிடக்கு, அக்காவோட...