ஃபியோர்டில் பழகிய கைக்கு கொழும்புக் கடல்: சாளையும் கும்பளாவும்

ஒஸ்லோவிலோ லண்டனிலோ இருந்து வந்து வெள்ளவத்தையில் வீடெடுத்து இருப்பவர்களில் பலர், சாமான் பெட்டியோடு ஒரு தூண்டில் தடியையும் கொண்டுவந்திருப்பார்கள். ஜூலை மாதத்தில் ஃபியோர்ட் (மலைகளுக்கிடையே உள்ளே நீண்ட கடற்கழி) கரையில் நின்று ஒரு மணித்தியாலத்தில் வாளி நிறைய மெகரல் இழுத்த கை, மரீன் டிரைவுக்கு அந்தப் பக்கம் கடலைக் கண்டால் சும்மா இருக்காது. ஆனால் அங்கே போட்ட அதே முள்ளை இங்கே போட்டால் ஈயம் நனைந்ததுதான் மிச்சம். மீன் இல்லாமல் இல்லை. முள் பெரிது, மாதம் பிழை, நிற்கிற இடமும் பிழை.

முதலில் பெயரைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். அங்கே பிடித்த ஹெரிங் இந்தக் கடலில் இல்லை. அதற்குச் சொந்தக்காரரான சாளை, சூடை, கீரிமீன் ஆகியவைதான் உண்டு. சிங்களத்தில் சாளை 'சாலயா', கீரிமீன் 'ஹுருல்லா'. மெகரலின் குடும்பத்தைச் சேர்ந்த உறவு கும்பளா. அதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்கள். கொழும்புக் கடையில் 'மெகரல்' என்று கேட்டால் டின்மீனைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

கையில் பிடித்துப் பார்த்தால் குழப்பம் இராது. நோர்வேப் பக்கத்து வடகடல் மெகரலின் முதுகில் நெளிநெளியான கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். கும்பளாவின் கோடுகள் மங்கலாக, நீளவாக்கில் இருக்கும். மார்புத் துடுப்புக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. வாயைத் திறந்தால் செவுளின் நீண்ட சீப்புப் பற்கள் இறகுபோல உள்ளே தெரியும். கீரிமீனின் பக்கவாட்டில் ஒரே வரிசையில் 10 முதல் 20 வரை புள்ளிகள். தண்ணீரிலிருந்து வந்த கணத்தில் அவை பொன்னிறமாக மினுங்கும், பிறகு கறுத்துப்போகும். சந்தையில் கறுப்புப் புள்ளியை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பொன்னிறம் புதிதாக இருக்கும்.

அந்தச் சீப்புப் பற்கள்தான் முள்ளின் அளவைத் தீர்மானிக்கின்றன. கும்பளா தண்ணீரை வடிகட்டி மிதவை உயிர்களையும் பொடி இறாலையும் மீன் குஞ்சுகளையும் தின்னும் மீன். பொதுவாக 25 செ.மீ. அளவுதான். நோர்வேயில் 'ஹெக்லே' என்று விற்கிற, பெரிய இறகு கட்டிய 1/0, 2/0 முள்ளை அது திரும்பியும் பார்க்காது. இங்கே வேண்டியது 8 முதல் 12 வரையான எண் முள் கட்டிய சபிக்கி, அதாவது ஒரே நூலில் பல சின்ன முள்ளுகளை வரிசையாகக் கட்டிய தூண்டில். எண் கூடக்கூட முள் சின்னதாகும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். 'ஸ்லாஷ்' போட்ட எண்களுக்குத்தான் அது தலைகீழ்.

சபிக்கியில் 6 முள் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் அதை நடுவில் வெட்டி, 3 முள்ளாகவே போடவேண்டும். ஆறையும் போட்டு ஒரு கூட்டத்துக்குள் இறக்கினால் நாலு மீன் நாலு பக்கம் சுழன்று, அவிழ்க்க அரை மணித்தியாலம் போகும். அதற்குள் கூட்டமும் போய்விடும். கிளை நூல் 0.20 மி.மீ., நடு நூல் 0.30 மி.மீ. போதும். ரீலில் 0.28 அல்லது 0.30 தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்). பின்னல் நூல் வைத்திருந்தால், முனையில் 3 மீற்றர் தங்கூசி கட்டிவிடுங்கள். பின்னல் நூல் நெகிழாது. சாளையின் வாயோ ஹெரிங்கின் வாயைப்போல மெல்லிய தோல். நெகிழ்வில்லாத நூலில் ஒரு வெட்டு வெட்டினால் உதடு கிழிந்து மீன் விழும். மீன் தொட்டதும் வெட்டி இழுக்காமல், ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே வாருங்கள். கும்பளா கொஞ்சம் தாங்கும்.

ஈயம் கரையில் 40 முதல் 60 கிராம், படகில் நீரோட்டத்தைப் பார்த்து 60 முதல் 100 கிராம். இலேசான ஈயம் போட்டால் சபிக்கி நேராகத் தொங்காமல் மடிந்து தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சிக்கலில் பாதி இதனால்தான். கற்களுக்கு நடுவே போடும்போது ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் கட்டுங்கள். மாட்டினால் ஈயம் அறுந்துபோகும், முள் திரும்பி வரும். பழைய ஸ்பார்க் பிளக்கை ஈயத்துக்குப் பதிலாகக் கட்டலாம், செலவில்லை. தடி கரைக்கு 3 மீற்றர் இருந்தால் வசதி. குட்டைத் தடியால் நூலைக் கற்களுக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடியாது.

நோர்வேப் பக்கம் மெகரல் கரைக்கு வருகிற ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள்தான் இங்கே சோளகக் காற்று அடிக்கிற காலம். மேற்குக் கரை கொந்தளிக்கும், கெலணி கங்கை கலக்கிய தண்ணீர் முகத்துவாரத்திலிருந்து தெற்கும் வடக்குமாகப் பரவும். ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிற உறவுக்காரப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் கொழும்புக் கடல் படிந்து கிடக்கும். அதிலும் ஏப்ரலில் பின்னேர இடி மின்னல் சகஜம். கார்பன் தடி மின்னலுக்கு நல்ல கடத்தி. முதல் முழக்கம் கேட்டதும் தடியைக் கீழே வைத்துவிட்டு ஏறிவிடவேண்டும்.

வற்றுப்பெருக்கைப் பற்றி அங்கே பட்ட கவலை இங்கே தேவையில்லை. பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் 10 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும் கடல், கொழும்பில் ஒரு மீற்றர்கூட மாறாது. பார்க்கவேண்டியது வெளிச்சத்தையும் காற்றையும். விடியப்புறம் தரைக்காற்று, பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். ஆகவே ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்பது நல்லது. இருட்டு நாட்களில் விளக்கு வெளிச்சத்தைத் தேடிச் சாளைக் கூட்டம் மேலே வரும். நிலாக் காலத்தில் கலைந்து நிற்கும்.

இடத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கரையோரக் கடல் ஆழமில்லாதது. ரயில் பாதைக்கு அப்பால் கிடக்கிற பாறாங்கற்களில் நின்று போட்டால் பொடிச் சாளை, பாரைக் குஞ்சு, ஓரா, பேத்தைதான் பெரும்பாலும் படும். கும்பளா வருவது அதிர்ஷ்டம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழுகிற இடங்களில் பிடித்த மீனைச் சாப்பிடாதீர்கள், நகரத்துக் கழிவுநீர் அதில் வருகிறது. ரயில் பாதையைக் கடவையில் மட்டும் கடக்கவேண்டும். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. கல்லில் இறங்குமுன் பத்து நிமிடம் நின்று எந்தக் கல்வரை நனைகிறது என்று பாருங்கள். அதற்கு மேலே, பச்சைப் பாசி இல்லாத கல்லில் நில்லுங்கள். துறைமுக அலைதடுப்புக்குப் போகிற எண்ணமே வேண்டாம், அது பாதுகாப்பு வலயம்.

கும்பளா வேண்டுமென்றால் படகுதான். தெஹிவளை, கல்கிசை, முகத்துவாரம், கொஞ்சம் தள்ளி நீர்கொழும்பு ஆகிய இடங்களில் 18 அடிக்கு மேற்பட்ட ஃபைபர் படகுகள், 8 முதல் 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தோடு இருக்கும். பக்கத்தில் பதிவு எண் எழுதாத படகில் ஏறவேண்டாம். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டையோ பாஸ்போட்டின் பிரதியோ பையில் இருக்கட்டும். நீர்கொழும்பில் கத்தோலிக்கச் சம்மாட்டிமார் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, சனியைக் கேளுங்கள். படகுக்காரரை 'அண்ணை' என்று கூப்பிட்டாலும் சிங்களத்தில் 'அய்யே' என்று கூப்பிட்டாலும் உறவு ஒன்றுதான்.

படகில் ஈயத்தை அடிவரை விட்டு, இரண்டு மீற்றர் தூக்கி, அங்கிருந்து ஒவ்வொரு இரண்டு மீற்றருக்கும் நிறுத்தி, தடியை மெதுவாக ஒரு முழம் உயர்த்தித் தாழ்த்துங்கள். முதல் மீன் தொட்ட ஆழத்தை நூலில் மை வைத்து அடையாளம் பண்ணினால் அடுத்த தடவை நேரே அங்கே இறக்கலாம். முள்ளில் நகக்கண் அளவு இறால் துண்டு வைத்தால் தயங்குகிற மீனும் எடுக்கும். கூட்டத்தைப் பிடித்துவைக்க, சாளைத் தலையை இடித்து, பாண் தூளோடு பிசைந்து, சிறங்கை சிறங்கையாகப் போடுங்கள். நிறையப் போட்டால் தின்றுவிட்டு ஓடிவிடும்.

புதிதாக வருபவர்கள் கூடுதலாகப் பிழை விடுவது ஐஸ் விஷயத்தில்தான். வடகடலில் கோடையிலும் தண்ணீர் 15 பாகையளவு. வாளியில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் மீன் இங்கேயளவு வேகமாகக் கெடாது. கொழும்பில் கடலே 28 பாகை. கும்பளாவின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். சூட்டில் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருதடவை உண்டானால் பொரித்தாலும் அவித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு அரிக்கும். நாக்கில் மிளகு வைத்ததுபோல உறைத்தால் அந்த வாயோடு துப்பிவிடுங்கள். மணம் கெடாத மீனிலும் இது வரும்.

ஆகவே ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் எதிர்பார்க்கிற மீனின் எடைக்குச் சமமாக நொறுக்கிய ஐஸ் போட்டு, அது கூழாகும் அளவுக்குக் கடல் தண்ணீர் விடுங்கள். வெறும் ஐஸ் கட்டி மீனைத் தொடுகிற இடத்தை மட்டும் குளிராக்கும். கூழ் முழு உடம்பையும் மூடும். கும்பளாவின் செவுளில் விரல் விட்டு, தலையைப் பின்னுக்கு மடித்து முறித்தால் இரத்தம் வடியும். பிறகு உடனே கூழுக்குள். சாளையை அப்படியே போடலாம். ஈரமில்லாத கையால் பிடித்தால் செதில் முழுக்க உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும், ஹெரிங் பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

பேத்தை மாட்டினால் முள்ளைக் கழற்றித் திருப்பி விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். ஓராவின் முள்ளும் கெளிற்றின் முள்ளும் குத்தினால், கை தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவேண்டும். வலி குறையாவிட்டாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரி. வெந்நீர்ப் போத்தல் ஒன்று கூடவே போகட்டும், தேத்தண்ணிக்கும் உதவும்.

வீட்டுக்கு வந்ததும் சபிக்கியை நல்ல தண்ணீரில் அலசி, வெறும் பிளாஸ்டிக் போத்தலைச் சுற்றி, முள்ளுகளை ரப்பர் வளையத்துக்குக் கீழே செருகிக் காயவிடுங்கள். இந்தப் புழுக்கத்தில் அலசாத 10ஆம் எண் முள் ஒரு கிழமையில் துருப்பிடித்து, அடுத்த கும்பளாவோடு முறியும்.