பெயர் ஸ்பெயின், தாளம் பிரேசில்

பிப்ரவரி 9

ஜாஸ் பியானோக்காரர் சிக் கொரியா போய்ச் சேர்ந்தது 2021இல் இதே தேதியில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 'லைட் அஸ் எ ஃபெதர்' போட்டேன். அவருடைய 'ரிட்டர்ன் டு ஃபாரெவர்' குழுவின் இரண்டாவது ஆல்பம். 1972 அக்டோபரில் லண்டன் ஐபிசி ஸ்டுடியோவில் பதிவாகி, 1973இல் வந்தது. ஆறே உருப்படிகள். வழக்கம்போல நேரே கடைசி உருப்படியான 'ஸ்பெயி'னுக்குத் தாவிவிட்டேன். இருபது வருடமாக இதே திருட்டுத்தனம். நாளையிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 10

ஜாஸோடு ராக் இசையைக் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் என்றால் காதைக் கிழிக்கும் கிடார் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். இதில் கிடாரே இல்லை. ஸ்டான்லி கிளார்க் வாசிப்பதும் மின்சார பாஸ் அல்ல, ஆள் உயரத்துக்கு நிற்கும் மரப் பாஸ். அப்போது அவருக்கு வயது 21! மின்சாரம் என்றால் கொரியாவின் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோதான். அதற்குள்ளே தந்தி கிடையாது. கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வைக் காந்தச் சுருள் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மெதுவாகத் தட்டினால் கோயில் சிறுமணி மாதிரி இருக்கும். ஓங்கித் தட்டினால் உறுமும். கொரியா ஒரே வரிக்குள் இரண்டையும் செய்கிறார்.

பிப்ரவரி 12

'500 மைல்ஸ் ஹை'. தொடக்கத்தில் பாடகி ஃபுளோரா பூரிமின் குரலும் ரோட்ஸும் மட்டும், தாளக்கட்டு இல்லாமல், அவசரமே இல்லாமல். கிட்டத்தட்ட விருத்தம் பாடுவது போல. அப்புறம் போசா நோவா என்ற பிரேசில் நடை வந்து சேர்கிறது. சேரும் அந்த இடத்தை மட்டும் ஐந்து முறை ஓட்டிக் கேட்டேன். பூரிமின் சுருதி சில இடங்களில் அலைகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அலையட்டும். அந்த அலைச்சலை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் எனக்கு வேலை இல்லை.

பிப்ரவரி 13

வேலை. கேட்கவில்லை.

பிப்ரவரி 15

கடைசியில் 'ஸ்பெயின்', இந்த முறை நியாயமாக வரிசைப்படி வந்து.

முன்னுரையாக வரும் மெதுவான மெட்டு கொரியாவுடையது அல்ல. ஸ்பெயின் இசையமைப்பாளர் ஹோவாகின் ரொட்ரிகோ 1939இல் பாரிஸில் இருந்தபோது எழுதிய கிடார் கச்சேரி இசையின் நடுப்பகுதி அது. மூன்று வயதிலேயே பார்வை போனவர் ரொட்ரிகோ. இதே மெட்டை ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸும் இசைக்கோப்பாளர் கில் எவன்ஸும் 1960இல் 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயி'னில் எடுத்தாண்டிருந்தார்கள். கொரியா பிறகு அதே டேவிஸின் குழுவில் வாசித்தவர். இங்கே ரோட்ஸ் மெட்டைச் சொல்ல, கிளார்க் பாஸை வில்லால் இழுக்கிறார், ஜோ ஃபாரலின் புல்லாங்குழல் மேலே மிதக்கிறது. துக்க வீட்டு அமைதி.

அது முடிந்ததும் ஐர்ட்டோ மொரேரா டிரம்ஸில் பிரேசிலின் சாம்பா தாளத்தை அவிழ்த்துவிடுகிறார். ஐர்ட்டோவும் ஃபுளோராவும் கணவன் மனைவி, இரண்டு பேரும் பிரேசில்காரர்கள். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது உறைக்கவே இல்லை: பாட்டின் பெயர் ஸ்பெயின், ஆனால் காலை ஆட்டவைப்பது முழுக்கப் பிரேசில். ஸ்பெயின்காரர் மெட்டு, மாசசூசெட்ஸில் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர் கையில், லண்டன் ஸ்டுடியோவில். ஸ்பெயினுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 16

கீபோர்டைத் தூசி தட்டி எடுத்தேன். ரோட்ஸும் புல்லாங்குழலும் சேர்ந்து ஓடும் அந்த வரியைப் பாதி வேகத்தில் முயன்றேன். முதல் பாதி எப்படியோ வந்தது. இரண்டாவது பாதியில் மோதிர விரல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

பிப்ரவரி 18

விரலை விட்டுவிட்டுக் கையைத் தட்டலாம் என்று பார்த்தேன். மெட்டின் இடையிடையே கைத்தட்டல் வருமே, அதுதான். சுலபமாகத் தெரிகிறது, ஆனால் விழும் இடங்கள் எல்லாம் அடியைத் தப்பித் தப்பி. தொடையில் ஆதி தாளம் போட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரி, தட்டல் தப்பு. மூன்று தடவையும் முந்திக்கொண்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த மகள் நான்காவது தடவை, தலையைக்கூட நிமிர்த்தாமல், சரியாகத் தட்டினாள். அப்புறம் எழுந்து வந்து ஹெட்ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா, இனிமே இதுல கேளு" என்றாள்.