9900 என்று எழுதிய பற்றரியும் திரும்பக் கிடைத்த காசும்

காலபோக நெல் கதிர் முற்றத் தொடங்கினால் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் இரவிரவாக யானைக் காவல். தலையில் மாட்டும் ரோச்சுக்கு 18650 பற்றரிதான் போடுவோம். கடையில் வாங்கியதில் 9900 எம்.ஏ.எச். (பற்றரி எவ்வளவு மின்னேற்றம் கொள்ளும் என்ற அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. நடுச்சாமத்துக்கு முதலே வெளிச்சம் மங்கிவிட்டது. யானை நிற்கும் வயலில் வெளிச்சம் போவது உயிர்ப் பிரச்சினை. அதனால் இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

18650 என்பது அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். பானசோனிக், எல்ஜி போன்ற பெரிய கம்பனிகளே இந்த அளவுக்குள் 3500 எம்.ஏ.எச். மட்டில்தான் அடக்குகின்றன. ஆகவே 9900 என்று கண்டாலே பொய் என்று முடிவு கட்டலாம். நல்லது 45 கிராமுக்கு மேல் நிறுக்கும். என்னுடையது நிறையில் அதற்குக் கிட்டவும் வரவில்லை. ஆனால் நிறையை மட்டும் நம்பவும் கூடாது, உள்ளே மண்ணைப் போட்டு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கிளிநொச்சியில் போன் திருத்தும் தம்பி ஒருவரிடம், பற்றரியை முழுக்க ஏற்றி, பிறகு இறக்கி, எவ்வளவு வந்தது என்று காட்டும் சார்ஜர் இருந்தது. 870 காட்டியது. சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பற்றரியின் எழுத்தும் சார்ஜரின் எண்ணும் ஒரே படத்தில் விழும்படி போனில் எடுத்துக்கொண்டேன். கடையில் பேசும்போது அந்தப் படம்தான் கைகொடுத்தது.

"கம்பனி அடிச்சு அனுப்பினதுக்கு நான் என்ன செய்யிறது தம்பி?" என்றார் முதலாளி.

"உங்களில பிழை சொல்ல வரேல்லை அண்ணை. ஆனா காசு வாங்கினது நீங்கள்தானே."

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருப்பதையும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம் என்பதையும் அமைதியாகச் சொன்னேன். அவர் படத்தை ஏஜென்டுக்கு அனுப்பக் கேட்டு வாங்கிவிட்டு, காசைத் திருப்பித் தந்தார்.

பவர் பாங்க் கதை வேறு. அதில் போடும் 20000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் பற்றரியின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் மணி (மொத்தச் சக்தியின் அளவு). போனுக்கு 5 வோல்ட்டில் கொடுக்கும்போது 14800 ஆகும். மாற்றத்தில் வீணாவதையும் கழித்தால் 12000, 13000 கிடைக்கும். அது களவு இல்லை. ஆனால் அந்த உண்மையான எண்ணைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பக்கத்தில் போட்டால் என்ன? இப்போது வாட் மணியைத்தான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.

இன்னொன்று, பற்றுச்சீட்டில் "பற்றரி" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எத்தனை எம்.ஏ.எச். என்று சொல்லி விற்கிறார்களோ, அந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.