மானியத்தை நம்பிக் கடைவீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் உணவகத்துக்கு மேலே இருக்கும் கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துப் பகிர்வுப் பணியிடம் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. கோவொர்க்கிங் என்று எல்லாரும் சொல்லும் அதேதான். பதினெட்டு மேசைகளில் பதினான்குக்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் கதவு திறப்பதற்கு முந்தைய மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நம் சமூகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் இதேபோல் தொடங்கப்போவதாக என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, ஓர் ஆலோசகரை நம்பியது. அரசாங்கச் சலுகைகள் அத்தனையும் தன் கைக்குள் இருப்பதுபோல் பேசினார். புதுப்பிப்புச் செலவில் 3 லட்சம் வெள்ளி வரை வரிக்கழிவு, புதிய சிறு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரித் தள்ளுபடி என்று அழகான வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார். 800 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு சலுகைகளும் உண்மையில் இருந்தவைதான். ஆனால் நோய்த்தொற்றுக் காலத்தில் அறிவிக்கப்பட்டவை. புதுப்பிப்புக் கழிவு 2022 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. தள்ளுபடியும் அதே நாளுக்குள் தொடங்கிச் செயல்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும்தான். நான் அவரிடம் போனது 2024 மார்ச்சில். யாராவது சலுகைப் பட்டியலை நீட்டினால் முதலில் கடைசித் தேதியைக் கேளுங்கள். தேதி சொல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு அரை மணி நேரத்தில் இணையத்திலேயே முடிந்தது. வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் எனக்கான குழி வெட்டப்பட்டது. தொழில் வகைக்கு ஒரு குறியீட்டு எண் கொடுக்க வேண்டும். இடத்தை மேசை மேசையாக வாடகைக்கு விடுகிறோம், எனவே அதுதான் பொருந்தும் என்று நினைத்து 68102ஐத் தேர்ந்தெடுத்தேன். குடியிருப்பு அல்லாத கட்டடங்களை வாங்கி, விற்று, வாடகைக்கு விடும் தொழிலுக்கான எண் அது.

இரண்டு மாதம் கழித்துக் கடனுதவி கேட்டு ஒரு முகமைக்குப் போனேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. முகப்பில் இருந்தவர் என் பதிவுத்தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, "வாடகை வாங்குபவர்களுக்கு நாங்கள் கடன் தருவதில்லை, புவான்," என்றார். நான் வாடகை வாங்குபவள் இல்லை, வாடகை கொடுப்பவள். இணையம், மின்சாரம், அச்சுப்பொறி, வரவேற்பு, துப்புரவு எல்லாம் சேர்த்துத்தான் மேசை தருகிறேன் என்று எடுத்துச் சொன்னேன். அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேசாமல் தாள்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி சொன்னது என் நாத்தனார். கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். "அண்ணி, உங்களுக்கு 82110தான் சரி, ஒருங்கிணைந்த அலுவலக நிர்வாகச் சேவை. உடனே மாற்றுங்கள்," என்றார். மாற்றுவதற்கு ஆன செலவு 20 வெள்ளி. இந்த 20 வெள்ளிக்குள் கடனைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. வருமான வரியில் வெறும் வாடகை வேறு, சேவையோடு நடத்தும் தொழில் வேறு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் வாடகை 4(டி) பிரிவில் வரும், தொழில் 4(ஏ) பிரிவில் வரும். தொழில் வருமானமாகக் கருதப்பட்டால் முதல் ஆண்டு நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். வாடகை வருமானமாகக் கருதப்பட்டால் அந்த வசதி இல்லை. எண்ணை மாற்றியதாலேயே வரி வாரியம் ஒப்புக்கொண்டுவிடாது. நாம் உண்மையில் சேவை தருகிறோமா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் துப்புரவுப் பெண்மணியின் சம்பளச் சீட்டு, இணையக் கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். முதல் ஆண்டு நட்டம் வராத பகிர்வுப் பணியிடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆகவே இதை அலட்சியமாக விடாதீர்கள்.

எண் மாறிய பிறகு மறுபடி போனபோது வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். முத்திரை எங்கே என்றார்கள். கட்டட உரிமையாளர் தவுக்கே, "நமக்குள்ளே எதற்கு அதெல்லாம்," என்று சொல்லியிருந்தார். நானும் முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தியதாக நினைத்துக்கொண்டேன். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரையிட்டிருக்க வேண்டும். எனக்கு அது தாண்டிப்போய்விட்டது, தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினேன். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றமும் சான்றாக ஏற்காது. நாளை தவுக்கே வெளியே போ என்று சொன்னால் நம் கையில் இருப்பது வெறும் தாள். முன்பணம் கொடுக்கும் அன்றே முத்திரைக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அதற்கு அடுத்து ஒரு வீண் அலைச்சல். வேறொரு உதவித் திட்டத்தைப் பற்றிக் கேட்கப் புத்ராஜெயா வரை போனேன். காலையில் பசியாறாமல் கிளம்பி, அலுவலகத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. காவலாளியின் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: விண்ணப்பங்கள் இணையத்தில் மட்டுமே. உள்ளே போய் ஒரு கேள்வியாவது கேட்கிறேன் என்றதற்கும் அனுமதி இல்லை. தொலைபேசியில் நான்கு முறை அழைத்திருந்தேன். எடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

மாநகராட்சியான டிபிகேஎல்லின் உரிமம் கிடைப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. தீயணைப்பு விஷயத்தில் மட்டும், பின்படிக்கட்டுக்குப் போகும் வழியை மறித்து முந்தைய வாடகைக்காரர் அடித்திருந்த பலகைத் தடுப்பை எடுக்க வேண்டியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பொம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அத்தனை பேர் உட்காரும் இடத்தில் ஒரே வழி மட்டும் இருந்திருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. பெயர்ப்பலகைதான் வலித்தது. ஆங்கிலப் பெயரைப் பெரிதாகவும் மலாய் வாசகத்தைச் சிறிதாகவும் போட்டுக் கொண்டுவந்தார் பலகை செய்பவர். தேசிய மொழிதான் முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதாம், இத்தனை ஆண்டு அதே தொழிலில் இருந்தும். முதலில் மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் வாசகத்துக்கு மொழி உறுதிப்பாடு வாங்குங்கள், பிறகு பலகைக்குப் பணம் கொடுங்கள். என் பழைய பலகை இன்னும் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது.

உண்மையில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, சிறுதொழில் கடன் தரும் அரசு முகமையான தெக்குன் வழியாக இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்புமி திட்டம். அது மானியம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். தாள்கள் எல்லாம் அதற்குள் சரியாக இருந்ததால் போனதும் வந்ததும் தெரியவில்லை. மேசை நாற்காலிகள் அந்தப் பணத்தில் வந்தவை. இன்னொன்று, சிறு நடுத்தர நிறுவனங்களுக்கான மடானி இலக்கவியல் மானியம். செலவில் பாதியை, 5,000 வெள்ளி வரை தருகிறார்கள், மறுபாதி நம்முடையது. பதிவு பெற்ற சேவையாளரிடம்தான் வாங்க வேண்டும். மென்பொருளுக்குக் கிடைக்கும், குளிர்சாதனத்துக்கோ நாற்காலிக்கோ கிடைக்காது. தொழில் குறைந்தது 6 மாதமாவது நடந்திருக்க வேண்டும் என்பதைப் படிக்காமல் இரண்டாவது மாதமே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டேன். ஏழாவது மாதம் மறுபடி போட்டேன், கிடைத்தது. இப்போது மேசை முன்பதிவும் கணக்கும் அதில்தான் ஓடுகின்றன. ஒப்புதல் மின்னஞ்சல் வந்த அன்று கீழே உணவகத்து அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் தே தாரே வாங்கிக் கொடுத்தேன்.

பகிர்வுப் பணியிடங்களுக்கென்றே, இலக்கவியல் பொருளாதாரத்துக்கான அரசு முகமையான எம்டெக் தரும் அங்கீகாரம் ஒன்றும் உண்டு. அது ஏற்கெனவே நடக்கும், வசதிகள் நிறைந்த இடங்களுக்கானது. தொடங்குவதற்குக் காசு தரும் திட்டம் இல்லை. கேட்க வந்த மூன்று பேரிடமும் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். ஆறு மாத வாடகையும் மின்கட்டணமும் கையில் இருந்தால் மட்டும் சாவியை வாங்குங்கள்.

அந்த 800 வெள்ளி இன்னும் திரும்பி வரவில்லை. ஆலோசகர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நாமே தொடுக்கலாம். அதற்கான படிவம் 198ஐ நிரப்பிவிட்டேன். அவர் கொடுத்த வண்ணத்தாளையும் ரசீதையும் அதோடு இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போகிறேன்.