ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு மவுன்ட் தேடியது

குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் வகை ஏர் ரைபிள் என்னுடையது. அட்டைக் குறி சுடுவது மட்டும்தான் அதற்கு வேலை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிட, அதை ரைபிள்மேல் எந்த மவுன்ட்டை வைத்துப் பிடிப்பது என்று முடிவு செய்யத்தான் அதிக நேரம் ஆனது.

காரணம் இந்த வகையின் உதைப்பு. சாதாரணத் துப்பாக்கி பின்னோக்கி மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளிலோ பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னே தள்ளப்படும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும் கணத்தில் ரைபிள் சட்டென்று முன்னால் குதிக்கும். இரண்டாவது உதைதான் கொடியது. ரைபிள் முன்னே போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை நோக்கி நகரும். முதலில் மாட்டிய இரண்டு தனி ரிங்குகளில் (ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள்) இது நடக்கிறதா என்று பார்க்க, ரைபிள்மேல் அவை பிடித்து நிற்கும் ரெயிலில் ரிங்கின் பின்விளிம்பை ஒட்டி பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சுட்டு முடித்துப் பார்த்தால் கோட்டைக் காணோம், ரிங் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

திருகை இன்னும் இறுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், டவ்டெயிலின் (ரிங் கவ்வும், ரெயிலின் சரிவான பக்கப் பள்ளம்) விளிம்புதான் தேயும். ரெயிலின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தால், அது ஸ்டாப் பின்னுக்காக (மவுன்ட் நகராமல் தடுக்கும் சின்ன முளை). மவுன்ட்டின் அடியிலிருந்து இறங்கும் அந்த முளை துளையில் உட்கார்ந்துவிட்டால், உதையை வாங்குவது அதன் பொறுப்பு. பக்கத் திருகுகள் பிடித்துக்கொண்டால் போதும்.

டவ்டெயில்மேல் பிக்கட்டினி (குறுக்குப் பள்ளங்கள் உள்ள ரெயில்) அடாப்டர் போடும் யோசனையும் வந்தது. 1995-இல் தரப்படுத்திய ரெயில் அது, பள்ளம் 5.23 மி.மீ., எந்த ரிங்கும் கிடைக்கும். (அதேபோன்ற பழைய வீவர் ரெயிலில் பள்ளம் 4.57 மி.மீ.தான். வீவர் ரிங் பிக்கட்டினியில் உட்காரும், மாற்றிப் போட்டால் பெரும்பாலும் உட்காராது.) ஆனால் அடாப்டர் என்றால் உயரமும் கூடும், நகர்வதற்கு இன்னொரு இணைப்பும் சேரும். விட்டுவிட்டேன்.

அடுத்தது குழல் தொங்கல். மடக்கும் குழல் ரெயிலுக்கு நேராக இல்லாமல் நுனி சற்றே தாழ்ந்திருப்பது சகஜம். டாரெட்டை (குறியை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்கோப் திருகு) ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி எண்ணி, நடுவில் நிறுத்தி, 20 மீட்டரில் சுட்டேன். குழுவாக விழுந்தது சரி, ஆனால் குறிக்கு 22 செ.மீ. கீழே! இதில் எல்லாமே தொங்கல் இல்லை. ஸ்கோப்பின் மையம் குழலுக்கு நாலரை செ.மீ. மேலே இருக்கிறது. நொடிக்கு 200 மீட்டர் வாக்கில் போகும் பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) அந்தத் தூரத்தில் ஐந்து செ.மீ.க்கு மேல் தாழும். இரண்டும் சேர்ந்த சுமார் பத்தைக் கழித்தால் மிச்சம் 12 செ.மீ.; அதாவது 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) அளவுக்குத் தொங்கல். என் டாரெட் நடுவிலிருந்து மேலே 30 எம்ஓஏதான் போகும். 20 மீட்டரில் அது பதினேழரை செ.மீ.கூட நிறையாது, எனவே கோடிவரை திருப்பினாலும் எட்டாது. எட்டினாலும் கோடியில் வைப்பது நல்லதல்ல: உள்ளே குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்து ஸீரோ (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருக்கும் அமைப்பு) அலையத் தொடங்கும்.

பின் ரிங்கின் கீழே மெல்லிய தகடு வைப்பது பழைய வைத்தியம். ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், 0.1 மி.மீ. தகடு 20 மீட்டரில் 2 செ.மீ. உயர்த்தும். எனக்கு 12 வேண்டும், 0.6 மி.மீ. திணித்தால் ஸ்கோப்பின் உடல்தான் வளையும். ஆகவே பின்புறம் உயர்த்தியே செய்த, ஸ்டாப் பின்னும் உள்ள ஒற்றைத் துண்டு மவுன்ட்டை வாங்கினேன். முன்பின் நகர்த்த இடம் குறைவு என்பது இதன் குறை. ஆனால் கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் வைத்துத் திறந்தால் முழு வட்டமும் தெரிந்தது, அதனால் எனக்கு அது உறைக்கவில்லை.

உயரம் நடுத்தரம். முன் கண்ணாடியின் வெளிவிட்டம் 48, குழாய் 25.4 மி.மீ., ஆகக் குழாயின் அடியில் பதினொன்றரை மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். கணக்கு அவ்வளவுதான் கேட்கிறது, பெல்லட் போடும் கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் கேட்கிறது.

மாட்டும்போது தூரத்தில் தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைபிளை ரசமட்டத்தில் நிறுத்தி, ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் குறிக்கோட்டை நூலோடு பொருத்தினேன். ரிங் திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் பொருத்திய கோடு கண் முன்னாலேயே சாயும். 2 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஸீரோவுக்கு டாரெட் நடுவிலிருந்து 17 எம்ஓஏ மேலே நிற்கிறது, இன்னும் 13 கையிருப்பு. புதிதாகப் போட்ட பென்சில் கோடு அப்படியே தெரிகிறது. பாரலாக்ஸ்தான் (கண் நகர்ந்தால் குறி நகர்வதுபோல் தெரியும் பிழை) பாக்கி: இந்த ஸ்கோப் 100 கஜத்துக்கு நிலையாக வைத்தது, 10 மீட்டரில் தலையை அசைத்தால் ஸ்கோப்பின் குறிக்கோடும் அசைகிறது. முன் வளையத்தைத் திருப்பி 10 மீட்டர்வரை சரிசெய்யக்கூடிய ஒன்றைப் பார்த்துவருகிறேன். அதன் முன் கண்ணாடி தடிமன் என்றால் உயரக் கணக்கை மறுபடி போடணும்.